வெடிக்க‘லாம்’!

கலிஃபோர்னியா மாநிலத்தில் மாமத் லேக்ஸ் என்று ஓர் ஊர். அந்த ஊரிலிருந்து வடக்கே கிளம்பி, காட்டுக்குள் புகுந்து, பெரிய நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிற ஒரு ரோடு இருக்கிறது. பெயர் ‘மாமத் சீனிக் லூப்’. இயற்கை எழில் கொஞ்சும் சாலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், தூரத்தில் பனி மலை. ஹனிமூன் ஜோடிகள் காரை ஓரங்கட்டி போட்டோ பிடித்துக்கொள்ள அம்சமான இடம்.

ரோடு போட்ட புதிதில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. அப்போது அது ‘மாமத் எஸ்கேப் ரூட்’. அதாவது, எரிமலை வெடித்தால் ஊர் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தப்பி ஓடுகிற வழி!

‘எஸ்கேப்’ எப்படி ‘சீனிக்’ ஆயிற்று என்பதுதான் சமாச்சாரம்.

“எரிமலையைப் பற்றி எழுத நீ யார்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட். ஆனால் இந்த ஊர்க் கதையைப் படிக்கப் படிக்க, இதில் பாறைச் சமாச்சாரம் பாதி, மீதிப் பாதி பணச் சமாச்சாரம் என்று தெரிந்தது. அந்த மீதிப் பாதியில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடக்கே, சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. 1980 வாக்கில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் வந்தால் ஊரே தலைகீழ். பனிச்சறுக்கு விளையாட லாஸ் ஏஞ்சலிஸ் ஆசாமிகள் கார் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்து குவிவார்கள். ஹோட்டல், லாட்ஜ், வாடகை வீடு, பனிச்சறுக்குச் சாமான் கடை என்று ஊர் முழுக்க அந்தப் பனியை நம்பித்தான் பிழைத்தது. பனி பெய்தால் காசு, பெய்யாவிட்டால் கடன்.

சறுக்கி விளையாடுகிற அந்த மாமத் மலையே ஓர் எரிமலைதான். அது போதாதென்று ஊர் உட்கார்ந்திருக்கிற இடம் இன்னும் பெரிய எரிமலை ஒன்றின் வாய். இதற்கு ‘கால்டெரா’ என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் அண்டா என்று அர்த்தம். 7,60,000 வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு வெடிப்பு நடந்து, பூமிக்குள்ளிருந்து 600 கன கிலோமீட்டர் குழம்பு வெளியே வந்துவிட்டது. உள்ளே காலியானதும் மேல்தரை பொதுக்கென்று இறங்கிப்போய், 32 கிலோமீட்டர் நீளம், 17 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு ராட்சத அண்டா. அதன் பெயர் லாங் வேலி. ஊர் அந்த அண்டாவின் தென்மேற்கு ஓரத்தில், சமையல்கட்டில் குந்தியிருக்கும் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

7,60,000 வருஷம் பழைய கதைக்கு யார் பயப்படுவார்கள்? யாரும் பயப்படவில்லை. வீடு கட்டினார்கள், விற்றார்கள், வாங்கினார்கள்.

1978 அக்டோபரில் அந்தப் பக்கம் 5.8 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. போயிற்று. 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை, வட மேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து 57 பேர் இறந்தார்கள். அமெரிக்கா முழுக்க டி.வி.யில் சாம்பல் மேகம். சரியாக அடுத்த ஞாயிறு, மே 25. மாமத் லேக்ஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே நாளில் 6 ரிக்டரை ஒட்டிய மூன்று நிலநடுக்கங்கள். 27-ஆம் தேதி நாலாவது!

விஞ்ஞானிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய சர்வே கற்களை மறுபடி அளந்து பார்த்தார்கள். அண்டாவின் நடுப்பகுதி கொஞ்ச காலத்துக்குள் 25 சென்டிமீட்டர் வரை உப்பியிருந்தது. தோசைக்கல்லில் சப்பாத்தி எழும்புகிற மாதிரி. அதோடு குட்டிக் குட்டி நிலநடுக்கங்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தன. இதைத்தான் ‘ஸ்வார்ம்’ என்கிறார்கள். தேனீக் கூட்டம் என்று அர்த்தம்.

சாதாரண நிலநடுக்கத்துக்கு ஒரு வரிசை, மரியாதை எல்லாம் உண்டு. முதலில் பெரியவர் வந்து ஓர் உலுக்கு உலுக்குவார். பின்னாலேயே ஃபைல் தூக்கிக்கொண்டு வரும் சிப்பந்திகள் மாதிரி சின்ன அதிர்ச்சிகள் வரும். நாள் ஆக ஆக அடங்கிவிடும். ஸ்வார்ம் அப்படியில்லை. மானேஜர் லீவில் போன ஆபீஸ். யார் பெரியவர் என்று தெரியாது. எப்போது ஆரம்பித்தார்கள், எப்போது முடிப்பார்கள், எதுவும் தெரியாது. ஒரு நாளில் நூறு, இருநூறு என்று நடக்கும். திடீரென்று ஓய்ந்துவிடும். அப்பாடா என்று படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

பூமிக்குள்ளே பாறை இடுக்கில் கொதிக்கும் குழம்பு வழி பண்ணிக்கொண்டு மேலே வந்தால் சுற்றியுள்ள பாறை ‘டப் டப்’ என்று உடையும். அதனாலும் ஸ்வார்ம் வரும். குழம்பு இருக்கிற இடத்திலேயே இருக்க, அதிலிருந்து கிளம்புகிற வாயுவும் சூடான நீரும் புகுந்தாலும் வரும். எரிமலைக்குச் சம்பந்தமில்லாமல் பாறைத் தட்டுகள் நகர்ந்தாலும் வரும். நெஞ்சு வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறீர்கள். “வாயுவா இருக்கலாம், ஹார்ட்டாவும் இருக்கலாம்” என்கிறார் அவர். உங்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாம். பூமிக்கு?

இந்த ‘லாம்’தான் இந்தக் கட்டுரையின் வில்லன். அல்லது ஹீரோ. நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

1982 மே மாதக் கடைசி. நிலநடுக்கங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஆழம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்த அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை, அதாவது யூ.எஸ்.ஜி.எஸ்., ஓர் அறிவிப்பு தயாரித்தது. அப்போது அவர்களிடம் மூன்று படி எச்சரிக்கை முறை இருந்தது. ‘நோட்டீஸ்’, ‘வாட்ச்’, ‘வார்னிங்’. இவர்கள் கொடுத்தது மூன்றிலும் சாதுவான நோட்டீஸ். சாராம்சம் இதுதான்: இந்தப் பகுதியில் எரிமலை ஆபத்து ஏற்படலாம். எப்போது, எவ்வளவு, நிச்சயமா என்பதெல்லாம் இல்லை.

இங்கேதான் ஒரு கூத்து. அந்த அறிவிப்பு முறைப்படி ஊருக்கு வந்து சேருவதற்கு முன்னால் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸுக்கு விஷயம் எட்டி, அவர்கள் அச்சிட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் அதே கதிதான். அதுவும் எப்போது? மெமோரியல் டே நீண்ட விடுமுறைக்கு முந்தின வாரம். கோடைகாலக் கூட்டம் கார் ஏறப்போகிற சமயம்! தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக்கடை வாசலில் ‘இந்தக் கட்டடம் இடியலாம்’ என்று போர்டு மாட்டினால் முதலாளிக்கு எப்படி இருக்கும்?

அப்படித்தான் இருந்தது. ரூம் புக்கிங் கேன்சல். பாதியில் நின்ற கட்டடங்கள் பாதியிலேயே நின்றன. வீட்டு விலை சரிந்தது. யூ.எஸ்.ஜி.எஸ். என்பதற்கு ‘யூ.எஸ். கெஸ்ஸிங் சொசைட்டி’ என்று புது விரிவாக்கம் கொடுத்தார்கள். அமெரிக்க ஜோசியர் சங்கம்! எரிமலையின் மேல் வராத கோபமெல்லாம் அதைப் பற்றிச் சொன்னவர்கள் மேல் வந்தது.

இங்கே நான் என் பி.காம். சான்றிதழைக் கொஞ்சம் வெளியே எடுக்கிறேன். வீட்டு விலை சரிந்ததற்கு விஞ்ஞானிகள்தான் காரணம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஆனால் 1981, 82-ல் அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் இருந்தது. வீட்டுக் கடன் வட்டி 1981 அக்டோபரில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 82-லும் சராசரி 16 சதவீதம். பதினெட்டு பர்சன்ட் வட்டியில் மலை மேல் ஒரு வார இறுதி பங்களா வாங்க எவனுக்குத் தைரியம் வரும்? எரிமலையே இல்லாவிட்டாலும் விலை விழுந்துதான் இருக்கும். எவ்வளவு எரிமலையால், எவ்வளவு வட்டியால் என்று பிரித்துச் சொல்ல எந்த ஆடிட்டராலும் முடியாது. ஆனால் வட்டி விகிதத்தின் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாதே! விஞ்ஞானி சட்டை போட்டுக்கொண்டு மீட்டிங்குக்கு வருகிறார். வசதி.

நான் கொஞ்ச காலம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியிருக்கிறேன். பாலன்ஸ் ஷீட்டின் கீழே பொடி எழுத்தில் ‘கன்டின்ஜென்ட் லயபிலிட்டி’ என்று ஒரு குறிப்பு வரும். கம்பெனி மேல் ஒரு கேஸ் நடக்கிறது, தோற்றால் இத்தனை லட்சம் கொடுக்க வேண்டி வரலாம் என்கிற மாதிரி. அதுவும் ‘லாம்’தான். ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் முகம் சிவக்க வந்தார். “சார், அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. பேங்க்ல பார்த்தான்னா லோன் தரமாட்டான்” என்றார். எங்கள் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “வரியை எடுத்துடலாம் சார். கேஸை எடுக்க முடியாதே” என்றார். வந்தவர் வேறு ஆடிட்டரைப் பார்க்கப் போய்விட்டார். கேஸ் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அதைவிட, வரியை எடுக்கச் சொன்ன அந்த ஆளின் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. அவர் மோசடிக்காரர் இல்லை. பயந்தவர். சம்பளம் கொடுக்க வேண்டிய நாற்பது பேர் அவர் பின்னால் இருந்தார்கள். மாமத் லேக்ஸ்காரர்களும் அந்த ரகம்தான் என்று தோன்றுகிறது.

சரி, ரோட்டுக்கு வருவோம். 1983 ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி ஒரு பெரிய ஸ்வார்ம். அதில் இரண்டு நிலநடுக்கங்கள் 5 ரிக்டருக்கு மேல். அது நல்ல பனிக்காலம். ஊரை விட்டு வெளியேற அந்தச் சீசனில் ஒரே ஒரு ரோடுதான். அந்த ஒரே ரோடும் நிலநடுக்கம் நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கமாகத்தான் போயிற்று. தீ பிடித்தால் அடுப்பங்கரை வழியாகத்தான் வெளியே ஓட வேண்டும் என்றால் எப்படி?

கவுண்டி நிர்வாகத்தில் இருந்த சிலர், இது சரிப்படாது, வடக்கே இன்னொரு வழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வேகமாக வேலை நடந்து ரோடும் வந்துவிட்டது. அதற்குத்தான் ‘எஸ்கேப் ரூட்’ என்று பெயர். உள்ளதை உள்ளபடி சொல்கிற பெயர். வந்தது ரகளை. ஊருக்குள் நுழைகிற டூரிஸ்ட் பார்க்கிற போர்டில் ‘தப்பிக்கும் வழி’ என்றிருந்தால் ரூம் எடுப்பானா, அப்படியே வண்டியைத் திருப்புவானா? ரோடு போட முன்னால் நின்ற கவுண்டி உறுப்பினர்களை, வாக்காளர்கள் தனி ஓட்டெடுப்பு நடத்திப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ரோட்டுக்குப் பெயர் மாறியது. ‘சீனிக் லூப்’.

கவனியுங்கள், ரோட்டை யாரும் தோண்டிப் போடவில்லை. போர்டை மட்டும்தான் மாற்றினார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பயமும் வேண்டாம், ரோடும் வேண்டும்! பதவி போனவர்களுக்குத்தான் பாவம், ஒரு மாலைகூடக் கிடைக்கவில்லை.

யூ.எஸ்.ஜி.எஸ்.ஸும் பாடம் படித்தது. மூன்று படி முறையைப் பிற்பாடு மாற்றி எழுதினார்கள். பத்திரிகைக்கு முன்னால் ஊர் அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும், வெறும் ‘ஆபத்து’ என்று நிறுத்தாமல் எந்த அறிகுறி வந்தால் யார் என்ன செய்வது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நடைமுறைக்கு வந்தது.

லாங் வேலி வெடிக்கவில்லை. இன்றுவரை.

இந்தக் கதையை பேங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பரிடம் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“வெடிக்கவே இல்லையே? அப்ப விஞ்ஞானிங்க சொன்னது தப்புதானே?”

“வெடிக்கும்னு அவங்க சொல்லவே இல்லையேப்பா. வெடிக்கலாம்னுதான் சொன்னாங்க.”

“அப்படிச் சொல்றதுக்கு எதுக்குப்பா விஞ்ஞானி? நானே சொல்வேனே! நாளைக்கு மழை பெய்யலாம். எனக்கு ப்ரமோஷன் வரலாம்.”

மடக்கிவிட்டதாக நினைத்து அவர் சிரித்தார். கேள்வி அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் சொல்ல மாமத் லேக்ஸை விட்டு இரண்டு மூன்று ஊர் போக வேண்டும்.

1976, கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவு. அங்கே சூஃப்ரியேர் எரிமலைக்கு அடியில் ஸ்வார்ம். ஜூலையில் நீராவியும் சாம்பலும் பீறிட்டன. இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஹாரூன் டாசியெஃப் “இது வெறும் நீராவி, பயமில்லை” என்கிற கட்சி. க்ளோத் அலேக்ர் “ஆபத்து, ஜனங்களை வெளியேற்றுங்கள்” என்கிற கட்சி. சண்டை பத்திரிகைகளில் நாறியது. அரசாங்கம் ஆகஸ்டில் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றியது. மாதக்கணக்கில் அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. பெரிய வெடிப்பு வரவில்லை. தீவின் பாதி வியாபாரம் படுத்துவிட்டது. டாசியெஃப் சொன்னது சரியாயிற்று. என் நண்பர் கட்சிக்கு ஒரு மார்க்.

அடுத்தது கொலம்பியா. நெவாடோ டெல் ரூயிஸ் என்கிற பனி மூடிய எரிமலை. 1984 நவம்பரில் குட்டி நிலநடுக்கங்கள் ஆரம்பித்தன. ஒரு வருஷம் விட்டு விட்டு வந்தன. 1985 அக்டோபரில் விஞ்ஞானிகள் வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள். எரிமலை வெடித்துப் பனி உருகினால் சேறு எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும், எந்த ஊர் மேல் போகும் என்று. ஆர்மேரோ என்கிற ஊர் அதில் இருந்தது. பீதியைக் கிளப்புகிறார்கள், வியாபாரம் கெடுகிறது என்று அங்கேயும் அதே குரல்கள். குவாதலூப்பில் நடந்த வீண் செலவு உலகத்துக்கெல்லாம் தெரிந்த கதையாகிவிட்டிருந்தது. நவம்பர் 13 மதியத்திலிருந்தே ஊரில் சாம்பல் விழுந்தது. பதற வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எரிமலை வெடித்தது. அப்படியொன்றும் பெரிய வெடிப்பு இல்லை. சேறு ஆர்மேரோவுக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பக்கத்திலேயே மேடு இருந்தது. நடந்தே போயிருக்கலாம்.

செத்தவர்கள் சுமார் 23,000 பேர்.

நண்பர் காபியைக் கீழே வைத்தார்.

மூன்றாவது பிலிப்பைன்ஸ். பினடுபோ மலை சுமார் 500 வருஷமாகத் தூக்கம். அது எரிமலை என்பதே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2-ல் உச்சியில் நீராவி பீறிட்டது. கருவிகளை வைத்துப் பார்த்தால் அடியில் ஸ்வார்ம். ரூயிஸ் நாசத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் ஒரு பறக்கும் படை மாதிரி எரிமலைக் குழு ஒன்றை வைத்திருந்தார்கள். அவர்களும் பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வுக் கழகத்தின் டைரக்டர் ரேமுண்டோ புனோங்பயானின் ஆட்களும் சேர்ந்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை படி வைத்தார்கள். எந்தப் படியில் யார் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே பேசினார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. மோரிஸ் க்ராஃப்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் தயாரித்த ஒரு வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஆர்மேரோவில் என்ன நடந்தது என்பது அதில் இருந்தது. பார்த்தவர்கள் மனம் மாறினார்கள். அந்த மோரிஸ் க்ராஃப்டும் மனைவி காத்யாவும் ஜூன் 3-ஆம் தேதி ஜப்பானில் உன்ஸென் எரிமலையைப் படம் பிடிக்கப் போய் இறந்துபோனார்கள் என்பது தனிக் கதை.

ஜூன் 10. க்ளார்க் விமானதளத்திலிருந்து சுமார் 15,000 அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் பேர். ஜூன் 15-ல் மலை வெடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு. அன்றைக்கென்று பார்த்துப் புயல் வேறு. நனைந்த சாம்பலின் கனம் தாங்காமல் கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தார்கள். வெளியேற்றாமல் விட்டிருந்தால் குறைந்தது 5,000 பேர் கூடுதலாகச் செத்திருப்பார்கள் என்பது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு.

இப்போது யோசியுங்கள். ஜூன் 10-ல் ஊரைக் காலி செய்துவிட்டு, மலை ஜூலை வரை சும்மா இருந்திருந்தால்? பினடுபோ விஞ்ஞானிகளும் ‘கெஸ்ஸிங் சொசைட்டி’தான். குவாதலூப்பிலும் பினடுபோவிலும் விஞ்ஞானிகள் கையில் இருந்தது ஒரே மாதிரியான ‘லாம்’. ஒன்றில் பணம் போயிற்று. இன்னொன்றில் உயிர் மிஞ்சிற்று. முன்கூட்டியே எது எது என்று தெரியாது. அப்புறம் ஒரு விஷயம்: நண்பர் சொல்கிற ‘மழை பெய்யலாம்’ இலவசம். விஞ்ஞானி சொல்கிற ‘லாம்’ ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வாடகை கட்டுகிறார். அந்த வாடகையை லாட்ஜ்காரன் தலையிலும் வீட்டுக் கடன்காரன் தலையிலும் மட்டும் கட்டிவிட்டு, “ஏனய்யா கோபப்படுகிறாய்?” என்று கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ரோடு பொதுப் பணத்தில் போட்டார்கள். புக்கிங் கேன்சல் ஆனது தனி ஆள் பணம்.

“அதுக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி ஏதாவது பண்ணணும்” என்றார் நண்பர். பேங்க் ஆசாமி அல்லவா, பாலிஸி விற்க இடம் பார்த்துவிட்டார்.

மாமத் லேக்ஸில் அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1989-ல் பனிச்சறுக்கு மலைக்கு நேர் கீழே மாதக்கணக்கில் குட்டி நிலநடுக்கங்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷம் மலையடிவாரத்தில் ஹார்ஸ்ஷூ ஏரிப் பக்கம் மரங்கள் பட்டுப்போக ஆரம்பித்தன. மழை இல்லையோ, பூச்சியோ என்று பார்த்தார்கள். கடைசியில் மண்ணைச் சோதித்தால் உள்ளே கரியமில வாயு. ஆழத்திலிருந்து கசிந்து வந்து வேர்களை மூச்சுத் திணற அடித்திருக்கிறது. ஏக்கர் கணக்கில் காடு நின்ற நிலையிலேயே செத்துப்போயிற்று. 2006 ஏப்ரலில், மலை மேல் வாயு வரும் ஓர் ஓட்டையைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்த பனிச்சறுக்குக் காவலர்களில் இருவர் பனி உடைந்து உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். வெடிப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. எரிமலை மட்டும் மூன்று பேரை எடுத்துக்கொண்டது.

2023-ல் கால்டெக் விஞ்ஞானிகள் ஒரு புது வேலை செய்தார்கள். டெலிபோன், இன்டர்நெட்டுக்காகப் புதைத்திருந்த கண்ணாடி இழைக் கேபிள்கள் நூறு கிலோமீட்டரையே நிலநடுக்கக் கருவியாக மாற்றி, ஒன்றரை வருஷம் கேட்டார்கள். 2,000-க்கும் மேற்பட்ட அதிர்ச்சிகள் சிக்கின. அதை வைத்துப் பூமிக்குள் படம் எடுத்தால், கீழேயிருக்கும் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது, மேலே கெட்டியான பாறை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஆறும்போது அது விடுகிற வாயுவும் திரவமும்தான் பாறையை உடைக்கின்றன. அதாவது டாக்டர் பாஷையில் ஹார்ட் இல்லை, வாயு! பிரம்மாண்ட வெடிப்புக்குத் தயாராவதாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நிலநடுக்கங்களும் சின்ன வெடிப்பும் வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

நாற்பது வருஷம் கழித்தும் ‘லாம்’ போகவில்லை பாருங்கள்.

மாமத் லேக்ஸ்காரர்கள் பரவாயில்லை, ஏழாயிரம் பேர் சொச்சம், இரண்டு ரோடு. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பொட்ஸுவோலி என்று ஒரு துறைமுக ஊர். நடிகை சோஃபியா லோரன் வளர்ந்த ஊர். அதுவும் ஓர் அண்டாவுக்குள்தான் இருக்கிறது. கேம்பி ஃப்ளெக்ரே என்று பெயர். கடைசியாக 1538-ல் வெடித்து, ஒரு வாரத்தில் ஒரு புதுக் குன்றையே எழுப்பிவிட்டுப் போயிற்று. அங்கே பூமி மூச்சு விடுகிற மாதிரி ஏறும், இறங்கும். ரோமானியர் காலத்துச் சந்தையில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவ்வளவு தூரம் கடலுக்குள் முங்கி, மறுபடி வெளியே வந்திருக்கிறது.

1982 முதல் 84 வரை ஊர் 1.8 மீட்டர் மேலே எழும்பியது. நிலநடுக்கங்கள் ஆயிரக்கணக்கில். 40,000 பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வெடிக்கவில்லை. இறங்கியது. 2005 வாக்கில் மறுபடி ஏற ஆரம்பித்தது. 2012 டிசம்பரில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினார்கள். 2024 மே மாதம் 4.4 ரிக்டர், 2025 மார்ச்சில் 4.6, ஜூனில் மறுபடி 4.6. ஜனங்கள் கம்பளியோடு தெருவில் இறங்கி, காருக்குள் தூங்கினார்கள். விளக்கு மஞ்சளிலேயே நின்றது. சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நாம் மூன்று விநாடி பொறுக்க மாட்டோம். இவர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மஞ்சளில் நின்று குழந்தைகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் பண்ணியிருக்கிறார்கள்.

ஆபத்து வட்டத்துக்குள் சுமார் ஐந்து லட்சம் பேர். சிவப்பு விழுந்தால் 72 மணி நேரத்தில் அத்தனை பேரையும் வெளியே கொண்டுபோகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறது இத்தாலி அரசாங்கம். யார் யாருக்கு எந்த மாநிலம் என்று இப்போதே ஒதுக்கீடு. பொட்ஸுவோலிக்காரர்களுக்கு வடக்கே லொம்பார்டி. ரயிலில் வருகிறவர்கள் எங்கே கூட வேண்டும், சொந்தக் காரில் போகிறவர்கள் எந்த வழியாகப் போக வேண்டும், எல்லாம் காகிதத்தில் தயார். யாரும் அதற்கு ‘சீனிக்’ என்று பெயர் வைக்கவில்லை.

மீனவர்கள்தான் பாவம். துறைமுகத்துத் தரை ஏற ஏறத் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. ராத்திரி தண்ணீரில் கட்டிவிட்டுப் போன படகு காலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. அவர்கள் எந்த அறிவிப்பையும் படிப்பதில்லை. கயிற்றை அவிழ்த்து, படகை ஆழம் இருக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.